மன்னார் மண்ணில் மறைந்து கிடக்கும் விதைச் செல்வம்

மன்னாருக்கு வருகின்ற எவரும் காணத் தவறாதவை இரண்டு. ஒன்று பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம். மற்றையது தெருவெங்கும் உரிமையோடு உலவும் கழுதைக் கூட்டம். இவ்விரண்டையும் அராபிய வணிகர்களே கொண்டு வந்தனர் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. பெருக்கமரத்தின் இலையை ஒட்டகங்களுக்குத் தீனியாக இட்டனர் என்றும் கூறுவர். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் இந்து சமுத்திரத்தைக் கடந்து வந்த வழி யாது என்ற வினாவுக்கு நெடுங்காலம் வாய்மொழி மரபே பெரும்பாலும் விடையாக இருந்தது. 2015ஆம் ஆண்டில், இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்கமரங்களின் மரபணுக்களை ஆபிரிக்க மரங்களின் மரபணுக்களோடு ஒப்பிட்ட ஆய்வொன்று வெளியாயிற்று. இம்மரம் ஒரு தடவையல்ல, பல தடவைகள், ஆபிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து, கடல் வணிகத்தோடு சேர்ந்தே இக்கரைகளை வந்தடைந்தது என்பது அதன் முடிபு. நம் மூத்தோரின் கூற்றுக்கு ஓர் இலைத் துண்டு சாட்சி சொல்லிற்று எனலாம்.

இலைத் துண்டுக்குள் ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது என்றால், அந்தக் கழுதைகளும் ஆடுகளும் மாடுகளும் அன்றாடம் கடித்து இழுக்கும் பூண்டுகளுக்குள் என்ன எழுதப்பட்டிருக்கின்றது? இதை யாரும் கேட்பதில்லை. பெருக்கமரத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. காலடியில் மிதிபடும் கொடிக்கு எவர் பலகை நாட்டுவர்? ஆயினும் நாளைய பால், நாளைய இறைச்சி, ஏன், நாளைய வயலின் வளம்கூட அந்தக் கொடியில் தங்கியிருக்கின்றது என்பதே இக்கட்டுரை சொல்ல விழையும் செய்தி.

மாரி மழை ஓய்ந்த தை மாதத்தில் மன்னார்த் தீவின் வெளிகளிலோ, எதிரே பெருநிலப்பரப்பில் முசலி, நானாட்டான், மாந்தை மேற்குப் பகுதிகளிலோ நடந்து செல்பவர் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த தாவரங்களை மிதிக்காமல் செல்ல முடியாது. நரிப்பயறு, காக்கணங்கொடி, கொழுஞ்சி, அவுரி முதலியன அக்குடும்பத்தவை. குடைபோல் விரிந்து நிற்கும் குடைவேலும் அவ்வாறே. வேரில் சிறு முடிச்சுகளைக் கட்டி, அவற்றுள் ஒருவகைப் பற்றீரியாவைக் குடியமர்த்தி, காற்றிலுள்ள நைதரசனைத் தமக்குரிய உணவாக மாற்றிக்கொள்வது இக்குடும்பத்தின் தனித்திறன். ஆகவே பசளையிடாத மண்ணிலும் இவற்றின் இலையில் புரதம் மிகுந்திருக்கும்.

இதன் அருமை சோளகக் காற்று வீசும் மாதங்களில்தான் புலப்படும். மன்னாருக்கு ஆண்டில் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்து முடிந்துவிடும். வைகாசி பிறந்தால் புல் காய்ந்து சருகாகின்றது. காய்ந்த புல்லில் புரதம் நூற்றுக்கு ஏழு வீதத்துக்குக் கீழே இறங்குமாயின், மாட்டின் முதல் இரைப்பையில் வாழ்ந்து நார்ப்பொருளைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன. அதனால் வயிறு நிறைந்திருந்தும் மாடு மெலியும், கன்றுக்குப் பால் போதாது. அவ்வேளையில் 15 முதல் 20 வீதம் வரை புரதம் கொண்ட அவரையினத் தழை சிறிதளவு சேர்ந்தாலே காய்ந்த புல்லும் உணவாகிவிடும். ஆட்டுக்குக் குழை வெட்டுகின்ற நம் தாய்மார் இதை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர். அவர்கள் வெட்டும் குழைகளில் பூவரசை நீக்கிப் பார்த்தால் கிளிசரியா, முள்முருக்கு, அகத்தி என எஞ்சுபவை அவரைக் குடும்பத்தவையே.

நாட்டின் நிலையையும் சேர்த்து நோக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றனர். நைதரசனும் பாலும் கப்பலில் வந்தாக வேண்டும் என்ற நிலையில் வாழும் நாடு, அவ்விரண்டையும் சொந்த மண்ணிலேயே ஆக்கித் தரவல்ல தாவரக் குடும்பத்தைக் களை என்று ஒதுக்குவது எவ்வகையிலும் பொருந்தாது.

இனி, பல்வகைமை என்பது யாது என நோக்குவோம். நெல் என்றால் ஒரே நெல் அன்று என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். மொட்டைக்கறுப்பன் வேறு, பச்சைப்பெருமாள் வேறு. அவற்றின் சோற்றின் நிறமும் சுவையும் விளையும் காலமும் வெவ்வேறு. உழவன் கண்ட இவ்வேறுபாட்டையே விஞ்ஞானம் மரபணுப் பல்வகைமை என்கிறது. நமது பாடநூல்கள் பரம்பரையலகு என்று குறிப்பிடுவதும் மரபணுவையே. நெல்லுக்கு உள்ளது போலவே நரிப்பயறுக்கும் உண்டு, காக்கணங்கொடிக்கும் உண்டு. ஆனால் அவற்றை விதைத்தவரும் இல்லை, பிரித்துப் பெயரிட்டவரும் இல்லை. பிரித்து வைத்தது மண்ணும் மழையும் ஆடும்தான்.

மன்னார் இங்குதான் முக்கியம் பெறுகின்றது. தீவில் சிப்பித் தூள் கலந்த சுண்ணாம்பு மணல், கரையோரம் உவர்நிலம், முருங்கன் பக்கம் மழையில் குழைந்து கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிய களிமண், முசலிப் பக்கம் செம்மண் என, ஒரு நாட் பயணத்துக்குள் நான்கு வேறு உலகங்கள் உள்ளன. ஒரே இனத்தாவரம் இந்நான்கிலும் நூற்றாண்டுகளாக வளர்ந்து வருமாயின், மணலில் தப்பிப் பிழைத்தது ஒரு குணத்தையும், களியில் தப்பிப் பிழைத்தது மற்றொரு குணத்தையும் தேடிச் சேர்த்திருக்கும். ஒன்று ஆழ வேர்விடும், ஒன்று மழை நின்று நாற்பது நாளில் காய்த்து முடிந்துவிடும், ஒன்று உவரைத் தாங்கும், ஒன்று ஆட்டின் பல்லுக்கு எட்டாமல் நிலத்தோடு படரும். தாவர விருத்தியாளருக்கு வேண்டிய மூலப்பொருள் இவ்வேறுபாடுகளே. இல்லாத குணத்தை அவர் படைப்பதில்லை. எங்கோ இருப்பதைத் தேடியெடுத்து மற்றொன்றோடு இணைக்கின்றார். தேடுவதற்கு எதுவும் மிஞ்சியிராவிட்டால் அவரது கல்வியால் பயனில்லை.

கடலோரப் பயறு ஒன்றை உதாரணமாகக் காட்டலாம். மஞ்சள் பூப்பூத்துக் கடற்கரை மணலில் படரும் 'விக்னா மரைனா' என்ற காட்டுப் பயறு வெப்பவலயக் கரைகளெங்கும் காணப்படுவது, இலங்கைக் கரைக்கும் உரியது. உளுந்துக்கும் பயறுக்கும் கௌபிக்கும் அது உறவு. சாதாரணப் பயிர்கள் கருகிப்போகும் உப்பில் அது தழைத்து நிற்பது எவ்வாறு என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் அண்மை ஆண்டுகளில் ஆராய்ந்துள்ளனர். உறிஞ்சிய உப்பை வேரிலேயே வெளித்தள்ளும் ஆற்றல் அதன் திறன்களுள் ஒன்று. அதே பயறு உறவில் வேறோர் இனம் உப்பை இலையில் வாங்கி அடக்கி வைத்துக்கொள்கின்றது. ஒரே இடருக்கு இரு வேறு தீர்வுகள்! கடல்நீர் உட்புகுந்து கிணறும் வயலும் உவராகி வரும் கரையோர மக்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியாகுமா?

நரிப்பயற்றின் கதை இன்னும் நெருக்கமானது. நரிப்பயறு என்ற பெயரே இடத்துக்கு இடம் வெவ்வேறு பயறுகளைச் சுட்டும். விஞ்ஞானிகளும் இவ்வாறே குழம்பியிருந்தனர். உருவில் ஒத்த சில காட்டுப் பயறுகள் ஒரே பெயரின் கீழ் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. 2002ஆம் ஆண்டில் லண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் சஞ்சிகையில் ஜப்பான், பிரித்தானியா, தாய்லாந்து, இலங்கை ஆய்வாளர்கள் கூட்டாக எழுதிய கட்டுரையில் இரு புதிய பயறு இனங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இலங்கையின் வறள் வலயத்துக்குரியது. 'விக்னா அரிடிக்கோலா', அதாவது வறண்ட நிலத்தில் வாழ்வது, என அதற்குப் பெயரிட்டனர். மாடு மேய்ப்போர் காலங்காலமாகக் கண்டுவந்த கொடி, 2002 வரை விஞ்ஞானத்தின் ஏட்டில் தனியோர் இனமாக இடம்பெற்றிருக்கவில்லை. அக்கரையிலும் இதே நிலைதான். தமிழகத்தில் மின்னிப்பயறு என்ற பெயரில் உழவர்கள் தீவனத்துக்கும் பசுந்தாட் பசளைக்கும் வளர்த்து வந்த பயறு, நரிப்பயற்றினின்று வேறான இனம் என்பது 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளில்தான் இந்திய விதை வங்கிகளின் சேகரிப்பைக் கொண்டு தெளிவாக்கப்பட்டது. அந்த மின்னிப்பயறு பல நோய்களையும் பூச்சிகளையும் எதிர்த்து நிற்பதை அதே காலத்தில் ஜப்பானியர் கண்டறிந்து, அதைப் புதிய பயிராகவே வளர்த்தெடுக்கலாம் என்று எழுதினர். உழவன் வைத்த பெயர் சரியாகவும், வங்கிப் பெட்டியில் ஒட்டிய பெயர் பிழையாகவும் இருந்தது என்பதை இங்கே சற்று மகிழ்ச்சியோடு குறிப்பிடலாம்.

பல்வகைமை இல்லாவிடின் நேர்வது என்ன என்பதற்கு நாமே சாட்சிகள். 1970களிலும் 1980களிலும் 'இப்பில் இப்பில்' என்ற மரம் வெப்பவலய நாடுகளெங்கும் அற்புத மரம் எனப் போற்றி நடப்பட்டது. விறகுக்கும் தீவனத்துக்கும் பசளைக்கும் அதுவே என்றனர். ஆனால் உலகெங்கும் நடப்பட்டவை பெரும்பாலும் ஒரு சில வர்க்கங்களின் வழித்தோன்றல்களே. தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் மரமாதலால் மகளும் தாயை அச்சாக ஒத்திருந்தாள். 1984இல் ஹவாய்த் தீவுகளில் தோன்றிய சிறு சாறுறிஞ்சிப் பூச்சியொன்று பசிபிக் தீவுகளையும் தென்கிழக்காசியாவையும் கடந்து 1987இல் இலங்கையையும் 1988இல் இந்தியாவையும் எட்டியது. நான்கே ஆண்டுகள்! எல்லா மரங்களும் ஒன்றேயாகையால் ஒன்றை வீழ்த்தும் வழி தெரிந்த பூச்சிக்கு எல்லாவற்றையும் வீழ்த்தும் வழி தெரிந்திருந்தது. தீர்வு எங்கிருந்து வந்தது? மெக்சிக்கோவின் மேட்டுநிலங்களில் எவராலும் கவனிக்கப்படாது நின்ற அதன் உறவு மரமொன்றிலிருந்து. அதனோடு கலந்து உருவாக்கிய எதிர்ப்பு வர்க்கம் அவுஸ்திரேலிய விவசாயிகளின் கைக்கு எட்டுவதற்கு 2010களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பூச்சிக்கு நான்கு ஆண்டுகள், மனிதனுக்கு முப்பதுக்கு மேல்.

அவுஸ்திரேலியர் இப்பாடத்தை அதற்கு முன்பே ஒரு தடவை கற்றிருந்தனர். தமிழகத்தில் முயல் மசால் என்று அழைக்கப்படும் ஸ்டைலோ செடியின் ஒரு வகை, தற்செயலாக அந்நாட்டின் வடபகுதிக்கு வந்து 'டவுன்ஸ்வில் ஸ்டைலோ' என்ற பெயரில் பரந்த மேய்ச்சல் நிலங்களை மூடியிருந்தது. 1973இல் அங்கு கண்டறியப்பட்ட பூஞ்சண நோய் சில ஆண்டுகளுக்குள் அதை அழித்தொழித்தது. அதன் பிறகே தென் அமெரிக்காவில் சேகரிக்கப்பட்ட வேறு இன வித்துகளைத் தேடியெடுத்து வர்க்கங்களை வெளியிட்டனர். 1990இல் வந்த ஒரு வர்க்கம், நோயெதிர்ப்பில் வேறுபட்ட மூன்று வழிகளை வேண்டுமென்றே கலந்து ஆக்கப்பட்டது. ஒன்று வீழினும் மற்றவை நிற்கும் என்பதே கருத்து. நம் காக்கணங்கொடியையும் அந்நாட்டார் விட்டுவைக்கவில்லை. பல மூலங்களிலிருந்து பெற்ற வித்துகளைக் கலந்து அதற்கொரு தீவன வர்க்கத்தை 1990களின் தொடக்கத்தில் குவீன்ஸ்லாந்தில் வெளியிட்டனர். நம் வேலியில் படர்ந்து பூக்கும் கொடி அங்கே பயிர், இங்கே வேலிப்பூ.

ஸ்டைலோவைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அப்பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் அமெரிக்கக் கண்டங்களுக்குரியவை. ஆபிரிக்காவிலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் 'ஸ்டைலோசாந்தஸ் புருட்டிகோசா' இதற்கு விலக்கு. அமெரிக்க வகைகளின் வித்துகளைப் பணம் கொடுத்துத் தருவித்து விதைத்திருக்கின்றோம். சொந்த நாட்டு உறவினனை எத்தனை விவசாயப் பட்டதாரிகள் அடையாளம் காட்டுவார்கள் என்று தெரியவில்லை.

பல்வகைமையை அளப்பது எவ்வாறு? முன்னர் செடிகளை வரிசையாக நட்டு, இலையின் அகலத்தையும் பூக்கும் நாளையும் விதையின் நிறையையும் அளந்தனர். மழை கூடினால் இலை பெருக்கும், மண் கெட்டால் செடி குறுகும். ஆகவே காண்பது பிறப்பா வளர்ப்பா என்ற ஐயம் எப்போதும் இருந்தது. 1990களிலிருந்து டி.என்.ஏ. குறிகாட்டிகள் அந்த ஐயத்தைப் பெரிதும் நீக்கின. இன்று முழு மரபணுத் தொகுதியையே வாசிக்க முடிகின்றது. எனினும் கருவி எதுவாயினும் சேகரிப்பவர் அறிந்திருக்க வேண்டியது செடியின் மண உறவு முறையே. பயறு வகைகள் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே சேர்த்துக்கொள்பவை. அவற்றில் ஓரிடத்துச் செடிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், வேற்றுமை இடத்துக்கு இடமே. எனவே பல இடங்களில் சிறிது சிறிதாகச் சேகரிக்க வேண்டும். கிளிசரியா அப்படியன்று. அது அயல் மகரந்தத்தை நாடுவது. அதனால் ஒரே தோப்பிலும் மரத்துக்கு மரம் வேறுபடும். ஆனால் நாமோ அதைத் தடி வெட்டி நட்டே பெருக்குகின்றோம். ஒரு கிராமத்து வேலி முழுவதும் ஒரே மரமாக இருந்தாலும் வியப்பதற்கில்லை. 1980களில் ஒக்ஸ்போர்ட் வனவியல் நிறுவகத்தினர் மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கிளிசரியாவின் வித்துகளை இடம் இடமாகச் சேகரித்துப் பல நாடுகளில் நட்டுப் பார்த்தபோது, குவாத்தமாலாவின் ரெட்டலுலேயு என்னுமிடத்து வித்து பல நாடுகளில் முந்தி நின்றது. வேலிக்கு எந்தத் தடியும் ஒன்றுதான் என்று எண்ணியவர்களுக்கு அது ஒரு பாடம்.

சேகரித்தவற்றை வைத்திருக்க இடமில்லை என்று கூறுவதற்கில்லை. கன்னொறுவையில் தாவரப் பிறப்புரிமை வள நிலையம் 1980களின் இறுதியில் ஜப்பானிய உதவியுடன் எழுந்தது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. உலக அளவில் அடிஸ் அபாபாவிலும் கொலம்பியாவின் பல்மிராவிலும் தீவனத் தாவரங்களுக்கென்றே பெரும் விதை வங்கிகள் உள்ளன. குளிர் அறை கிடைத்தால் போதாது என்பதே சிக்கல். அவரையின விதைகளின் தோல் கல்லாகக் கடினமானது. வெந்நீரிலிட்டோ உராய்ந்தோதான் முளைக்க வைக்க வேண்டும். காலத்துக்குக் காலம் விதைத்துப் புதுப்பிக்காவிட்டால் வங்கியே மயானமாகிவிடும். இதனாற்றான் முழுச் சேகரிப்பிலிருந்து ஒரு சிறு பங்கை, பல்வகைமையின் பெரும்பகுதி அடங்குமாறு தெரிந்தெடுத்து, அதைச் சிறப்பாகப் பேணி ஆராயலாம் என்று ஒட்டோ பிராங்கல் 1984இல் முன்மொழிந்தார். அத்தெரிவுக்கும் மரபணு ஆய்வே வழிகாட்டி.

சட்டத்தின் கண்ணிலும் இத்தாவரங்கள் அநாதைகளே. 2001இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட உணவு, விவசாயத் தாவர வளங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பொதுப் பட்டியலில் குளிர்நாட்டுத் தீவனங்களான குளோவரும் லூசேர்னும் இடம்பெற்றன. ஸ்டைலோ போன்ற பெரும்பாலான வெப்பவலயத் தீவனங்கள் இடம்பெறவில்லை. ஏழை நாட்டு மாட்டின் தீனிக்கு அந்தப் பந்தியில் இலை போடப்படவில்லை.

மன்னாரில் இச்செல்வம் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதைவிட அதை அறிந்தோர் எத்தனை பேர் எஞ்சியிருக்கின்றனர் என்பதே முதற் கவலை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் மாடுகளையும் ஆடுகளையும் விட்டுச் சென்றனர். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை மேய்ச்சல் வெளியைக் காணாமலே வளர்ந்தது. 2007ஆம், 2008ஆம் ஆண்டுகளின் போரில் முசலியிலும் மடுவிலும் மாந்தை மேற்கிலும் எஞ்சியிருந்த தமிழ் மக்களும் பட்டிகளைக் கைவிட்டு ஓடினர். எந்தக் கொடியை மாடு விரும்பும், எதை அதிகம் தின்றால் வயிறு ஊதும், எது ஆவணி வரை பச்சை பிடித்திருக்கும் என்ற அறிவு இரு சமூகத்தவரிடமும் ஒன்றாகவே இருந்தது. அதை எவரும் எழுதி வைக்கவில்லை. மேய்ச்சல் தரவைகளில் சந்தித்துக்கொண்டவர்கள் பிரிந்தபோது அந்த அறிவும் பிரிந்தது.

நிலமும் சும்மா இருக்கவில்லை. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. இல்மனைட் அகழும் திட்டத்துக்கு எதிராக 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர். மணல் போனால் மணலுக்கென்றே பழகிய கொடியும் போகும். முசலித் தெற்கில் 2017 மார்ச் மாதம் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது எழுந்த கசப்பு இன்னும் ஆறவில்லை. காட்டைக் காப்பது தேவை. ஆனால் மேய்ச்சலோடு சேர்ந்து வாழப் பழகிய சிறு பூண்டுகள், மாடு நுழையாத புதர்க்காட்டில் நிழலுக்குள் அமுங்கி அழிவதும் உண்டு. வேலி போட்டுவிட்டால் எல்லாம் பிழைத்துவிடும் என்று அதிகாரிகள் எண்ணுவது சரியன்று. மேய்ப்பரைக் குற்றவாளியாகப் பார்ப்பதும் சரியன்று.

அயல்நாட்டு விதையைக் கொண்டு வந்து தூவிவிடலாமே என்போரும் உளர். எதிர்க்கரையில் இராமநாதபுரத்தைப் பார்த்தால் போதும். சீமைக்கருவேலமும் அவரைக் குடும்பமே. அதன் காயை ஆடு விரும்பித் தின்கின்றது. தின்ற ஆடே அதைப் பரப்பியும் விட்டது. இலங்கையில் பூந்தலையில் அம்மரம் செய்த கேட்டை வனத்துறையினர் அறிவர். மாறாக, குடைவேல் தென்னிந்தியாவின் தென்கோடிக்கும் இலங்கையின் வடமேல் கரைக்கும் மட்டுமே உரியது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இரு கரையும் ஒரே நிலமாக இருந்தன. இரு கரை மரங்களும் இன்றும் ஒரே குலமா, கடல் பிரித்த பின் வேறாகிவிட்டனவா என்பதை மரபணு கொண்டு அறிய முடியும். வேறாகியிருந்தால் இரண்டையும் காக்க வேண்டும். ஒன்றேயெனில் ஒரு கரையில் அழிந்ததை மறுகரையிலிருந்து மீட்கலாம்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு விவசாய பீடம், ஒரு வாகனம், சில நூறு காகித உறைகள், ஆடு மேய்ப்போர் நான்கைந்து பேரின் துணை ஆகியன போதும். உறையின் மேல் விஞ்ஞானப் பெயரோடு, இடமும் மண்ணும் தேதியும், ஊரவர் சொல்லும் பெயரும் எழுதப்பட வேண்டும். எருக்கலம்பிட்டியில் ஒரு பெயரும் வங்காலையில் வேறொரு பெயரும் வழங்குமாயின் இரண்டையும் எழுதுவதே முறை. விதையின் ஒரு பங்கு கன்னொறுவைக்கும் ஒரு பங்கு கிளிநொச்சிக்கும் செல்லட்டும். ஒரு பங்கு சேகரித்த ஊரிலேயே விதைக்கப்படட்டும். ஆனால் காலம் தவறக்கூடாது. காய் முற்றுவது தை, மாசியில். பங்குனி பிறந்தால் காய் வெடித்து விதை மணலில் சிதறிவிடும், அல்லது ஆட்டின் வயிற்றில் இருக்கும்.